மேற்குச் சிட்னிக் காட்டில் மரங்களையும் விலங்குகளையும் இனங்காண எந்த உடற்கூறுகளை நம்பலாம்?

கேள்வி: கொன்றை

அனைவருக்கும் வணக்கம். பரமட்டாவுக்கு மேற்கே, கம்பர்லண்ட் சமவெளியில் மிஞ்சியிருக்கும் காட்டுத் துண்டு ஒன்றுக்கு, 10 முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகளை வார இறுதிகளில் பெற்றோர் சிலர் சேர்ந்து அழைத்துச் செல்கிறோம். ஏழாம் வகுப்பு அறிவியலில் இருகிளைத் திறவுகோல் பாடமாக வருகிறது. ஒவ்வொரு படியிலும் இரண்டு விடைகளில் ஒன்றைத் தேர்ந்துகொண்டே சென்று, கடைசியில் ஓர் உயிரினத்தின் பெயரில் போய் நிற்கும் கேள்வித்தொடர் அது. எங்கள் காட்டுக்கென்றே அப்படி ஒன்றைத் தமிழில் உருவாக்க முயன்று வருகிறோம்.

பிள்ளைகள் கண்ணில் முதலில் படுவதையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள்: நிறம், உயரம், இலையின் வடிவம், உடலின் பருமன். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஒரே யூக்கலிப்டஸ் மரத்தின் அடியில் துளிர்த்த கிளையில் அகன்ற இலையும், உச்சியில் அரிவாள் வடிவ இலையும் இருக்கின்றன. இன்னொரு மரத்தின் அடிப்பகுதி சொரசொரப்பாகவும் மேற்பகுதி வழவழப்பாகவும் இருப்பதால், ‘பட்டை சொரசொரப்பானதா?’ என்ற கேள்விக்கு என்ன விடை எழுதுவதென்று பிள்ளைகள் சண்டை பிடிக்கிறார்கள். ஓடையோரச் சவுக்குக்கு இலையே கிடையாது என்கிறான் ஒரு பையன். வடக்குச் சிட்னியின் ஹார்ன்ஸ்பி பக்கத்திலிருந்து வரும் சிறுமி ஒருத்தி, வீட்டுப் பூனை கவ்வி வந்த சிறு பிராணி ஒன்றின் படத்தைக் காட்டினாள். சுண்டெலி என்றுதான் நினைக்கத் தோன்றும், ஆனால் மூக்கு அளவுக்கு மீறிக் கூர்மையாக இருந்தது. காலில்லாத பல்லி ஒன்று இருப்பதாகவும், அதைப் பாம்பென்று எழுதக் கூடாதென்றும் எங்கோ படித்துவிட்டு வந்திருக்கிறான் மற்றொருவன்.

எந்த உடற்கூறுகளை முதற்படியில் வைக்க வேண்டும், எவற்றைப் பின்னுக்குத் தள்ள வேண்டும் என்பதைத் துறை அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். தோற்றத்தில் ஒத்தவற்றை ஒரே குழுவில் வைப்பது எந்த அளவுக்குச் சரி என்பதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதில்: செம்போத்து

வணக்கம் கொன்றை. உங்கள் கேள்விக்குள் இரண்டு வேலைகள் பின்னிக் கிடக்கின்றன. முன்னால் இருப்பது இன்னது என்று பெயரைக் கண்டுபிடிப்பது இனங்காணல். அது எதற்கு உறவு, எந்தக் குடும்பத்தில் அதற்கு இடம் என்று தீர்மானிப்பது வகைப்பாடு. திறவுகோல் முதல் வேலைக்கான கருவி. பிரெஞ்சு இயற்கையியலாளர் லமார்க் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தம் நாட்டுத் தாவரங்களுக்காக அதைப் பரவலாக்கிய காலம் முதலே அது ஒரு குறுக்குவழியாகத்தான் இருந்து வருகிறது; பயன்படுத்துபவரைச் சரியான பெயரிடம் கொண்டு சேர்த்தால் போதும், இடையில் வரும் குழுக்கள் உறவைக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் அதற்கில்லை. ஆகவே ‘கால்கள் இல்லை’ என்ற கிளையில் பாம்பையும் காலில்லாப் பல்லியையும் தாராளமாக ஒன்றாக வைக்கலாம், அடுத்த படியில் பிரித்துவிடுவதாக இருந்தால். அந்தக் கிளைக்குப் ‘பாம்புகள்’ என்று தலைப்பிடுவதுதான் தவறு.

ஆஸ்திரேலியாவில் இந்த வேறுபாட்டை மறந்தால் மற்ற இடங்களைவிட அதிகமாக ஏமாறுவோம். தனித்து நின்ற கண்டத்தில், வேறு இடங்களில் வேறு குலத்து விலங்குகள் செய்யும் வேலையை இங்குள்ள குலங்கள் எடுத்துக்கொண்டு, அந்த வேலைக்கேற்ற உருவத்தையும் பெற்றுவிட்டன. 1936இல் ஹோபார்ட் உயிரியல் பூங்காவில் கடைசி உயிர் இறந்துபோன தைலசீன் (தாஸ்மேனியப் புலி), மண்டையோட்டு வடிவத்தில் ஓநாயை ஒத்திருந்தாலும் வயிற்றுப்பை உள்ள விலங்கு. உங்கள் பிள்ளைகள் அன்றாடம் பார்க்கக்கூடிய எடுத்துக்காட்டும் இருக்கிறது. பரமட்டா வீதிகளில் மஞ்சள் அலகும் கண்ணருகே மஞ்சள் திட்டும் உள்ள பறவைகள் இரண்டு உண்டு. சாம்பல் நிறமுடைய நாய்சி மைனர் இந்நாட்டுப் பறவை, தேன்சிட்டை ஒத்த ஹனிஈட்டர் குடும்பத்தது, அதன் நாக்கு நுனி தேனுறிஞ்ச ஏற்றவாறு தூரிகையாகப் பிரிந்திருக்கும். பழுப்பு உடலும் பறக்கும்போது தெரியும் வெள்ளை இறக்கைத் திட்டும் உடையது நம் ஊர் மைனா, 1860களில் மெல்பர்னில் கொண்டுவந்து விடப்பட்டது. மஞ்சள் நிறத்தை முதற்படியில் வைத்தால் இரண்டும் அண்ணன் தம்பியாகிவிடும்.

கூறுகளைத் தேர்ந்தெடுக்க நான் சொல்லக்கூடிய வழி இது. ஒவ்வொரு கூறையும் எடுத்து, வயதோடு மாறுமா, பருவத்தோடு மாறுமா, ஆண் பெண்ணுக்கிடையே மாறுமா, இடத்துக்கிடம் மாறுமா என்று கேளுங்கள். ஒரு கேள்விக்கு ‘ஆம்’ வந்தாலே அந்தக் கூறு முதற்படிக்கு ஆகாது. நிறமும் பருமனும் பெரும்பாலும் நான்கிலும் தோற்கும். பல்லின் எண்ணிக்கை, விரலின் அமைப்பு, கனியின் வடிவம், இலைகள் தண்டில் பொருந்தியிருக்கும் முறை ஆகியவை பெரும்பாலும் நிற்கும். வாத்தலகுடைய பாலூட்டியான பிளாட்டிபஸை 1799இல் முதன்முதலில் அறிவியல் முறையில் விவரித்த ஜார்ஜ் ஷா, அலகைப் பார்த்து யாரோ ஒட்டவைத்த பொம்மையோ என்று ஐயப்பட்டார்; அது முட்டையிடுகிறது என்பதைக் களத்தில் உறுதிப்படுத்த 1884 வரை, வில்லியம் கால்ட்வெல் வரும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. கண்ணைப் பறித்த அலகு அதன் இடத்தைப் பற்றி ஏறக்குறைய எதையும் சொல்லவில்லை. உடலுக்குள் மறைந்திருந்த இனப்பெருக்க அமைப்புதான் சொன்னது.

பதில்: தைலவனம்

மரங்களைப் பற்றி நான் எழுதுகிறேன். கம்பர்லண்ட் சமவெளி திறவுகோல் தயாரிக்க மிகவும் வசதியான இடம், ஏனென்றால் களிமண் நிலத்தில் ஓங்கி நிற்கும் யூக்கலிப்டஸ் வகைகள் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவை. கிரே பாக்ஸ், ஃபாரஸ்ட் ரெட் கம், குறுகிய இலை அயர்ன்பார்க், சில இடங்களில் ஸ்பாட்டட் கம், ஓடைப் பக்கங்களில் ரஃப்-பார்க்டு ஆப்பிள் என்ற பெயரில் வழங்கும் ஆங்கோஃபோரா. இவற்றில் ஃபாரஸ்ட் ரெட் கம் தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் புதிதல்ல. யூக்கலிப்டஸ் டெரெட்டிகார்னிஸ் என்ற அந்த மரத்தின் வழிவந்ததுதான், மைசூர் கம் என்ற பெயரில் சமவெளித் தோட்டங்களில் நட்டுத் தைலமரம் என்று அழைக்கிறோமே, அது. நீலகிரியில் உள்ளது வேறு. அது யூக்கலிப்டஸ் குளோபுலஸ், தாஸ்மேனியாவையும் தென்கிழக்குக் கரையையும் சேர்ந்தது, சாம்பல் பூத்த மொட்டுகள் பெரும்பாலும் தனித்தனியே உட்கார்ந்திருக்கும்.

இலையில் தொடங்காதீர்கள். பிள்ளைகள் பார்த்த இருவகை இலையும் ஒரே மரத்துக்குரியவைதாம். இளம் கன்றிலும், வெட்டுப்பட்ட அல்லது தீப்பட்ட அடிமரத்திலிருந்து கிளம்பும் துளிரிலும் வரும் இலை இளமை இலை. பல இனங்களில் அது எதிரெதிராக, காம்பில்லாமல், அகன்று இருக்கும். முதிர்ந்த இலை மாற்றடுக்கில் நீண்டு தொங்கும். இலையைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டுமென்றால் ‘முதிர்ந்த கிளையின் இலை’ என்று சொற்களால் கட்டிவைத்துக் கேளுங்கள். அப்படிக் கேட்டால் ஒரு பெரிய பயன் உண்டு: முதிர்ந்த இலையும் எதிரெதிராகவே அமைந்திருந்தால் அது ஆங்கோஃபோரா. அதன் மொட்டில் மூடியும் கிடையாது. இதழ்கள் தனித்தனியே இருக்கும், கனியின் மேல் விலாவெலும்பைப் போல வரிகள் ஓடி விளிம்பில் பற்களாக முடியும். யூக்கலிப்டஸிலோ இதழ்கள் ஒன்றாக இணைந்து மூடியாகி, பூ மலரும்போது கழன்று விழுந்துவிடும். பூவில் நாம் பார்க்கும் பஞ்சு முழுவதும் மகரந்தத்தாள்கள்.

அந்த மூடியை மரத்தடியில் பொறுக்கிப் பாருங்கள். ரெட் கம்மின் மூடி நீண்ட கொம்பாக, அடியிலுள்ள கிண்ணத்தைவிடப் பல மடங்கு நீளமாக இருக்கும். கிரே பாக்ஸின் மூடி குட்டையான கூம்பு. பிறகு கனி. முற்றிக் காய்ந்த கனியின் வாயில் சிறிய முக்கோணக் கதவுகள் இருக்கும். ரெட் கம் கனியில் அவை விளிம்புக்கு வெளியே எழும்பித் துருத்திக்கொண்டு நிற்கும், கட்டைவிரலால் தடவினாலே குத்தும். கிரே பாக்ஸ் கனியில் அவை விளிம்பளவில் அல்லது உள்ளே அடங்கியிருக்கும். ஸ்பாட்டட் கம் கனி கழுத்துச் சுருங்கிய குடுவை வடிவம். கதவுகள் ஆழத்தில் இருப்பதால் மேலிருந்து பார்த்தால்தான் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே மூன்றையும் பிரிக்கப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடலாம்; எனக்குத் தெரிந்து நிறத்தை மறக்கச் செய்ய இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

சவுக்குக்கு இலை உண்டு. பச்சை ஊசியாகத் தெரிவது தண்டுதான். அதைக் கணுவில் இழுத்தால் துண்டாகக் கழன்று வரும். கழன்ற கணுவில் வட்டமாக நிற்கும் நுண்ணிய பற்கள்தாம் இலைகள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் அவற்றை எண்ணினாலே இனம் தெரிந்துவிடும். ஆற்றோரம் வளரும் கசுவரினா கன்னிங்ஹாமியானாவில் எண்ணிக்கை 10ஐத் தாண்டுவது அரிது. உப்பேறிய சதுப்பிலும் தாழ்ந்த ஓடைகளிலும் வளரும் கசுவரினா கிளாக்காவில் பெரும்பாலும் 12க்கு மேல் போகும்; புதுத் துளிரில் அந்தப் பற்கள் நீண்டு வெளிப்புறமாக வளைந்திருக்கும். பட்டை, உயரம், ஊசியின் நீளம் மூன்றும் இங்கே கைகொடுப்பதில்லை.

வாட்டில் என்று இங்கு அழைக்கும் அகேசியாக்களில் இருவகை உண்டு. பரமட்டாவின் பெயரையே தாங்கிய அகேசியா பரமட்டென்சிஸுக்கு இருமடிக் கூட்டிலை, அதாவது சிற்றிலைகளாக இருமுறை பிரிந்த இலை. ஹிக்கரி வாட்டிலுக்கோ அகன்ற தனி இலை இருப்பதாகத் தோன்றும். அது இலையன்று, தட்டையாக விரிந்து இலையின் வேலையைச் செய்யும் காம்பு. ஹிக்கரி வாட்டிலின் கன்றுகளை எடுத்துப் பார்த்தால் முதலில் வரும் இலைகள் கூட்டிலைகளாகவே இருக்கும். சில கன்றுகளில் கூட்டிலையின் அடிக்காம்பு விரியத் தொடங்கியிருப்பதையும் காணலாம். பரமட்டா வாட்டிலைக் கிரீன் வாட்டிலிலிருந்து பிரிக்கக் கிளையைத் தொட்டுப் பார்த்தால் போதும், பின்னதில் கிளை நெடுகச் சிறகு போன்ற விளிம்புகள் துருத்தியிருக்கும்.

பதில்: பனங்காடை

தைலவனம் எழுதியது அனைத்தும் சரியே, ஆயினும் களத்தில் ஒரு தடை இருக்கிறது. மொட்டும் பூவும் இருபது மீட்டர் உயரத்தில் இருக்கும். 11 வயதுப் பிள்ளையின் கண்ணெதிரே இருப்பது பட்டை மட்டுமே. கீழே கிடக்கும் கனி பக்கத்து மரத்துடையதாகவும் இருக்கலாம். ஆகவே பட்டையை ஒதுக்கிவிடுவதை நான் ஏற்கமாட்டேன்.

இது பழைய வழக்கு. மெல்பர்னில் இருந்த தாவரவியலாளர் ஃபெர்டினாண்ட் ஃபான் முல்லர் வட ஆஸ்திரேலியக் காடுகளில் நேரில் நடந்து திரிந்தவர். 1850களின் முடிவில் அவர் யூக்கலிப்டஸ்களைப் பட்டையின் அடிப்படையில் பிரித்தார். 1860களில் தொடங்கி லண்டன் கியூ தோட்டத்தில் அமர்ந்து ஆஸ்திரேலியத் தாவரங்கள் முழுமைக்கும் ஏழு தொகுதிகளாக நூல் எழுதிய ஜார்ஜ் பெந்தம் இந்நாட்டில் கால் வைத்ததே இல்லை; அவர் கைக்கு வந்த உலர்ந்த மாதிரிகளில் பட்டை இல்லாததால் மகரந்தப்பையின் வடிவத்தை நம்பினார். வகைப்பாட்டுக்குப் பெந்தமின் வழி ஏற்றது என்பதில் ஐயமில்லை. பிள்ளைகளுக்கான திறவுகோலுக்கு முல்லர்தான் துணை.

பட்டையைப் பற்றிக் கேட்கும் முறையில்தான் உங்கள் சிக்கல் இருக்கிறது. ‘சொரசொரப்பானதா, வழவழப்பானதா?’ என்று கேட்காமல், ‘சொரசொரப்பு எதுவரை ஏறியிருக்கிறது?’ என்று கேளுங்கள். அயர்ன்பார்க்கில் சிறு கிளைகள் வரை ஏறியிருக்கும். பட்டை கருத்து, ஆழமாக உழுததுபோல் பிளந்து, செம்பிசின் ஊறி இறுகியிருப்பதால் நகத்தால் கீறவும் முடியாது. கிரே பாக்ஸில் அடிமரத்தோடு நிற்கும், ஆனால் அந்த உயரம் மரத்துக்கு மரம் மாறும். அதற்கு மேலே பளபளப்பான சாம்பல் தோல். ரெட் கம்மில் அடியில் சில செதில்கள் மட்டும் தங்கி, மீதி முழுவதும் உரிந்து வெள்ளையும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். ஸ்பாட்டட் கம்மில் அடிவரை வழவழப்பு, அதில் உரிந்த செதில்கள் விட்டுச்சென்ற சிறு குழிகள். முதற்படியில் இதை வைத்துவிட்டு, உறுதி செய்வதற்குக் கீழே கிடக்கும் கனியைப் பயன்படுத்துங்கள். ஒரே வகைக் கனி மரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் கிடந்தால் அது அந்த மரத்துடையதுதான்.

பதில்: வெருகு

விலங்குகளுக்கு வருகிறேன். பூனை கவ்வி வந்த கூர்மூக்குப் பிராணி பெரும்பாலும் ஆண்டெகைனஸாக இருக்கும். வடக்குச் சிட்னியின் காட்டோரக் குடியிருப்புகளில் வீட்டுக்குள்ளேயே நுழையும். படம் தெளிவாக இருந்தால் வாயைப் பாருங்கள். எலிக்கு மேலே ஒரு சோடி, கீழே ஒரு சோடி உளிப்பற்கள், அவற்றுக்குப் பின்னால் பல்லே இல்லாத நீண்ட இடைவெளி. ஆண்டெகைனஸுக்கு மேலே நான்கு சோடி நுண்ணிய வெட்டுப்பற்கள், அடுத்துக் கோரைப்பல், இடைவெளியின்றி ஓரம் முழுவதும் கூரிய பற்கள். முன்பாதத்தில் எலிக்கு நான்கு விரல்கள்தாம் தெளிவாகத் தெரியும், ஆண்டெகைனஸுக்கு ஐந்து. காது மடலில் ஒரு வெட்டு இருக்கும். வயிற்றுப்பை இனத்தைச் சேர்ந்தது என்றாலும் பையைத் தேடாதீர்கள். பெண்ணுக்கு இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் ஒரு தோல் மடிப்பு வரும், ஆணுக்கு அதுவும் கிடையாது. பை என்பது முதற்படிக்குச் சற்றும் ஏற்றதல்லாத கூறு, பாடப்புத்தகங்கள் அதைத்தான் முன்னால் வைக்கின்றன!

பல்லும் பின்கால் விரலும் சேர்ந்தால் இந்நாட்டு வயிற்றுப்பை விலங்குகளை ஏறக்குறைய முழுமையாகப் பிரித்துவிடலாம். கீழ்த்தாடையில் முன்னோக்கி நீண்ட இரண்டு பெரிய வெட்டுப்பற்கள் இருந்தால் அது கங்காரு, வாலபி, பொசம், கோலா, வொம்பாட் ஆகியவை அடங்கிய வரிசை. சிறு வெட்டுப்பற்கள் பல இருந்தால் ஊனுண்ணிகளின் பக்கம், அதாவது ஆண்டெகைனஸ், குவோல், தாஸ்மேனிய டெவில். இனி விரல்: முதல் வரிசையில் உள்ளவற்றின் பின்பாதத்தில் இரண்டாம் மூன்றாம் விரல்கள் ஒரே தோலுறைக்குள் ஒட்டியிருக்கும், நுனியில் இரண்டு நகங்கள் மட்டும் தனித்தனியே தெரியும், உடல் மயிரைக் கோதுவதற்கு அது சீப்பாகப் பயன்படுகிறது. ஊனுண்ணிகளுக்கு விரல்கள் எல்லாம் தனித்தனி. இதுவரை கணக்கு நேராகப் போகிறது. பாண்டிகூட் என்ற நீள்மூக்கு வயிற்றுப்பை விலங்குதான் அதைக் குலைக்கும். பல்லைப் பார்த்தால் ஊனுண்ணி, விரலைப் பார்த்தால் கங்காருவின் உறவு. எந்தக் கூறுக்கு முதன்மை கொடுப்பது என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டு, இன்று அதைத் தனி வரிசையாகவே வைத்திருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அட்டவணை ஒன்றைக் கொடுத்து இதை நிரப்பச் சொன்னால், ஒரே கூறை வைத்து வகைப்படுத்துவது ஏன் ஆபத்து என்று நீங்கள் விளக்கவே தேவையிருக்காது.

எலி என்றாலே அயல்நாட்டது என்றும் எழுதிவிடாதீர்கள். இந்நாட்டுக்கு உரிய கொறிணிகள் 60க்கும் மேற்பட்டவை உள்ளன. கங்காருக்களின் முன்னோர் வந்து நெடுங்காலம் கழித்து வடக்கிலிருந்து வந்து சேர்ந்த குலம் அது. புதர் எலியின் வால், தலையும் உடலும் சேர்ந்த நீளத்துக்குச் சமமாக அல்லது சற்றுக் குறைவாக இருக்கும். கப்பலேறி வந்த கருப்பு எலியின் வால் அதைவிடத் தெளிவாக நீண்டிருக்கும், காதும் பெரிது. நீரோடைகளில் நீந்தும் எலியின் வால் நுனி வெள்ளையாக இருந்தால் அது ராக்காலி. கூரையில் ஓடும் பொசம்களுக்கும் வாலே போதும்: நுனி வெளுத்து, அடிப்புறத்தில் மயிரின்றிச் சுருண்டு பற்றுவது ரிங்டெயில், அடர்ந்த மயிருடன் குஞ்சமாக இருப்பது பிரஷ்டெயில்.

காலில்லாப் பல்லியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இமையைப் பாருங்கள் என்று சிலர் சொல்வார்கள்; அது உதவாது, ஏனென்றால் இந்தக் குடும்பம் மரப்பல்லிகளுக்கு நெருங்கிய உறவு, அவற்றைப் போலவே இதற்கும் அசையும் இமை கிடையாது. கண்ணை நாக்கால் நக்கித் துடைத்துக்கொள்ளும். அந்த நாக்குதான் அடையாளம்: தட்டையாக, சதைப்பற்றுடன், பிளவின்றி இருக்கும். பெரும்பாலான இனங்களில் தலையின் பக்கவாட்டில் காதுத் துளை தெரியும். பாம்புக்கு அது இல்லை. பின்கால் இருந்த இடத்தில் செதில் போன்ற சிறு மடல் ஒட்டியிருக்கும். அறுபடாத வால் உடலைவிட நீளமானது.

ஆனால் இவை படத்தையோ அருங்காட்சியக மாதிரியையோ பார்த்துக் கற்க வேண்டியவை. ஈஸ்டர்ன் பிரவுன் பாம்பு வெளிர் மஞ்சள் பழுப்பிலிருந்து ஏறக்குறைய கருப்பு வரை எந்த நிறத்திலும் இருக்கும், குட்டிகளில் சிலவற்றுக்கு உடல் முழுவதும் வளையங்கள் உண்டு. அதை உறுதி செய்யும் கூறு நடுவுடலில் உள்ள 17 செதில் வரிசைகள், எண்ணும் தூரத்துக்கு யாரும் போகக் கூடாது. உங்கள் திறவுகோலில் ‘கால்கள் இல்லை’ என்ற கிளை வந்ததும், ‘விலகி நில், பெரியவரை அழை’ என்று முடித்துவிடுங்கள். தரையில் கிடக்கும் வௌவாலுக்கும் அதுவே, அவற்றில் சில வெறிநோய்க் கிருமிக்கு உறவான லிஸ்ஸாவைரஸைச் சுமக்கும் என்பதால்.

கொன்றை

அனைவருக்கும் மிக்க நன்றி. பட்டையைப் பற்றிய கேள்வியைப் பனங்காடை சொன்னபடி மாற்றி எழுதியாயிற்று, ‘எதுவரை ஏறியிருக்கிறது?’ என்று கேட்டவுடன் பிள்ளைகளின் விடைகள் ஒத்துப்போகத் தொடங்கிவிட்டன. இன்னும் இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. ஸ்பாட்டட் கம் சில நூல்களில் யூக்கலிப்டஸ் என்றும் சிலவற்றில் கொரிம்பியா என்றும் இருக்கிறது. சிவப்புக் கங்காருவுக்கும் இரண்டு பேரினப் பெயர்கள் கிடைக்கின்றன. எதை எழுதுவது? அடுத்து, வேலிக்கு அருகே கிடந்த நத்தை ஓடு ஒன்றைக் கம்பர்லண்ட் நத்தை என்கிறாள் ஒரு பிள்ளை. தோட்டத்து நத்தைதான் என்கிறார்கள் மற்றவர்கள். பறவைகளில் காகங்களுக்கும் ஒரு வழி சொன்னால் நன்றாயிருக்கும்.

பதில்: செம்போத்து

பெயர் மாற்றம் வகைப்பாட்டைச் சேர்ந்தது, இனங்காணலைச் சேர்ந்ததன்று. அதே மரம், அதே கனி, உறவைப் பற்றிய முடிவுதான் மாறுகிறது. கென் ஹில், லாரி ஜான்சன் இருவரும் 1995இல் கொரிம்பியாவைத் தனிப் பேரினமாகப் பிரித்தார்கள், இன்று நியூ சவுத் வேல்ஸ் உலர்தாவரகம் அதையே பின்பற்றுகிறது. நீங்களும் அதையே எழுதி, பழைய பெயரைப் பக்கத்தில் குறித்துவிடுங்கள். சிவப்புக் கங்காருவை அண்மைக் காலமாக ஆஸ்ஃபிரான்டர் என்ற பேரினத்தில் வைக்கிறார்கள். அகேசியாவில் நடந்தது இன்னும் வேடிக்கை: பேரினத்தை உடைக்க வேண்டிவந்தபோது அந்தப் பெயர் யாருக்கு என்று வழக்காகி, 2005 வியன்னா மாநாடும் 2011 மெல்பர்ன் மாநாடும் அதை ஆஸ்திரேலிய வாட்டில்களுக்கே விட்டுக்கொடுத்தன. அதனால் நம் கருவேலம் இப்போது வாச்செல்லியா. குயின்ஸ்லாந்து மேய்ச்சல் நிலங்களில் அது பெரும் களையாகப் பரவியிருக்கிறது என்பது வேறு கதை.

காகங்களுக்குத் திறவுகோலில் இடம் ஒதுக்கினாலும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். இந்நாட்டுக்குரிய ஐந்து இனங்களும் முழுக் கருப்பு. கண்ணின் நிறம் இனத்தைச் சொல்லாது, வயதைத்தான் சொல்லும்: ஐந்திலும் முதிர்ந்ததற்கு வெண்மை, குஞ்சுக்குக் கருமை கலந்த பழுப்பு. கழுத்து இறகின் அடிப்பகுதி வெள்ளையானால் குரோ, சாம்பலானால் ரேவன் என்று பிரிப்பார்கள், அதைக் காண்பதற்கு இறகு உதிர்ந்து கிடக்க வேண்டும். உங்கள் பகுதியில் பெரும்பாலும் இருப்பது ஆஸ்திரேலியன் ரேவன். தொண்டையில் தாடிபோல் நீண்டு தொங்கும் இறகுகளும், முடிவில் இழுத்து இறங்கும் அழுகைக் குரலும் அதன் அடையாளங்கள்.

பதில்: தைலவனம்

நத்தைக்கு நான் பதில் எழுதுகிறேன், நிறத்துக்கும் ஒரு இடம் உண்டு என்பதைக் காட்டும் எடுத்துக்காட்டு அது. தோட்டத்து நத்தையின் ஓடு உருண்டையானது, தடித்தது, எப்போதும் கோடோ பட்டையோ படிந்தது. கம்பர்லண்ட் சமவெளி நத்தையின் ஓடு சற்றுத் தட்டையாக, 25 முதல் 30 மில்லிமீட்டர் அகலத்தில், மிக மெல்லியதாக இருக்கும். பழுப்பின் எந்தச் சாயலிலும் வரலாம், ஆனால் ஒரே சீராக, கோடின்றி இருக்கும். அடிப்புறத்தைத் திருப்பினால் பச்சை கலந்த மஞ்சள் பளபளப்புத் தெரியும். பழுப்பா கருப்பா என்பது இங்கே பயனற்றது. கோடு உண்டா இல்லையா என்பது பயனுள்ளது. ஓடு கிடந்த இடமும் துணைச்சான்று: அது மரத்தடியில் உதிர்ந்த பட்டைக்கும் சருகுக்கும் கீழே பூஞ்சைகளைத் தின்று வாழ்வது, காய்கறிப் பாத்தியைத் தேடிப்போகாது.

வெற்று ஓடாக இருந்தாலும் எடுத்துச் செல்ல வேண்டாம். அழியும் நிலையில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்ட இனம் அது; காப்பகங்களில் தாவரப் பகுதிகளை எடுக்கவும் அனுமதி தேவைப்படும், ஆகவே கனிகளையும் அங்கேயே வைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். மேற்புறம், அடிப்புறம், பக்கவாட்டு என்று மூன்று கோணங்களில், அருகில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, இடக்குறிப்புடன் ஐநேச்சுரலிஸ்ட் ஆஸ்திரேலியா என்ற இணையதளத்தில் ஏற்றினால், நத்தை அறிந்தவர்கள் பார்த்து உறுதி செய்வார்கள்; உறுதியான பதிவு அட்லஸ் ஆஃப் லிவிங் ஆஸ்திரேலியா என்ற தேசிய உயிரினத் தரவுத்தளத்துக்கும் போய்ச் சேரும். மரங்களுக்கு யூக்ளிட் என்ற இணையத் திறவுகோலையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 900க்கும் மேற்பட்ட யூக்கலிப்டஸ் வகைகள் அதில் உள்ளன. முதற்படி, இரண்டாம் படி என்ற கட்டாயம் அதற்கில்லை, பட்டையோ கனியோ மொட்டோ, கையில் எது இருக்கிறதோ அதிலிருந்து தொடங்கலாம். ஸ்பாட்டட் கம்மை அதில் தேடும்போது கனியின் நீளத்தை மில்லிமீட்டரில் அளந்து வைத்துக்கொள்வது நல்லது.